நீங்கள் அனுப்பிய பிளாஸ்டர் பற்றி

வெள்ளவத்தை,
12.10.1999.

அன்புள்ள றஞ்சிதம் அக்காவுக்கு,

தம்பி முத்துலிங்கம் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் லண்டன் குளிரில் சுகமாயிருக்க வெள்ளவத்தைப் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. சிகரெட்டை நிறுத்துவதற்கென்று, புஜத்தில் ஒட்டச் சொல்லி அனுப்புகிறீர்களே, அந்தப் பிளாஸ்டரை இனி அனுப்பவேண்டாம்.

பன்னிரண்டு வருஷமாகப் பத்தின சிகரெட்டை நான் விட்டது பவளராணிக்காக என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன் இருமி இருமிச் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை. ஒருநாள் சிகரெட் மணத்தோடு வந்தாலும் தை மாசக் கலியாணம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள். நேர்ப் பேச்சு எனக்குப் பிடிக்கும். விட்டுவிட்டேன். ஆனால் என்னை உற்சாகப்படுத்துகிற சனத்தின் கரைச்சல் சிகரெட் ஆசையை விடப் பெரிது. வீட்டுக்கார நாகமணி அன்ரி காலையும் மாலையும் கராம்பு தந்து, வாயை ஊதச் சொல்லி மணந்து பார்க்கிறா. கந்தோரில் ஒருவன் ஆசை வருதா, ஆசை வருதா என்று கேட்டே மறந்திருந்த ஆசையை ஞாபகப்படுத்துகிறான். நுளம்புத்திரி கொளுத்த நெருப்புப்பெட்டி வாங்கப் புவாத் நானா கடைக்குப் போனால், "ஒங்களுக்கு நெருப்பும் இல்ல தம்பி. டொபி ஈக்கி, தரவா?" என்கிறார். அன்றிரவு என் இரத்தத்தில் நுளம்புக்கு விருந்து வைத்தேன்.

இதெல்லாவற்றையும் பொறுத்தேன். போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறி பாமன்கடைக்கு, பவளராணி வீட்டுக்குத்தான், போகிறேன், வழியில் செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள், லிஃப்ட் திருத்துகிறவன் என்பதால் என் பையில் வயர், மீட்டர், பற்றரி எல்லாம் கிடக்கிறது, கம்பனிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு பையைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் உடம்பைத் தடவின பொலிஸ் சார்ஜனின் கை என் புஜத்தில் வந்து நின்றுவிட்டது. சேட்டைக் கழற்று என்றார். இந்தக் காலத்தில் தமிழ்ப் பெடியனின் உடம்பில் பிளாஸ்டர் என்றால் அதற்குக் கீழே காயம், காயம் என்றால் எந்தச் சண்டையில் பட்டது என்ற கேள்வி. உரித்துப் பார்த்தார். காயமில்லை, சிவந்த வட்டம். உங்கள் சாமான் தோலை அரிக்கிறது, அக்கா. என்னுடைய சிங்களத்தில் விளக்கினேன்: மருந்து தோலுக்குள்ளால் மெல்ல மெல்ல இறங்கும், நாள் முழுக்க வேலை செய்யும். பையிலிருந்த பிளாஸ்டர் பெட்டியின் இங்கிலீசையும் காட்டினேன். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது.

"டைமர் வைச்ச மாதிரி, மாத்தயா" என்றேன்.

பிளாஸ்டர் அவர் கையிலிருந்து விழுந்தது. வரிசையில் நின்ற சனம் மதிலோடு போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் நான், சேட்டில்லாமல்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நான் சொல்வது உண்மையானால் நான் சிகரெட் பத்துகிறவனாக இருக்கவேண்டுமாம். தன்னுடைய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "பத்திக் காட்டு."

பத்தினால் பவளராணி இல்லை. பத்தாவிட்டால் கூண்டு. பத்தினேன், அக்கா. முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக் கண்ணால் தண்ணி ஓடியது, பள்ளிக்கூடத்துக் கக்கூசில் ஒளித்துப் பத்துகிற பெடியன் மாதிரி. பழக்கம் விட்டுப்போன நெஞ்சு அப்படித்தான் செய்யும். சார்ஜனின் முகம் இறுகியது. நீ பிறந்ததுக்குச் சிகரெட் தொட்டவனில்லை, பொய்க்காரன் என்றார்.

கடைசியில், நான் கெஞ்சின பிறகு, கடைக்கு டெலிபோன் எடுத்துப் புவாத் நானாவைக் கூப்பிட்டார்கள். நான் சிகரெட்டை விட்டதிலிருந்து தன் வியாபாரமே படுத்துவிட்டது என்று சிங்களத்தில் சாட்சி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, இவ்வளவு கஷ்டப்பட்டு நிப்பாட்டிட்டு பொலிஸ்ல வந்தா பத்துறீங்க?" என்றார். என்னை விட்டார்கள். பையில் இருந்த மிச்சப் பிளாஸ்டர் பெட்டியை விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து பாமன்கடைக்குப் போனேன். பவளராணியின் மூக்கு கேற்றடியிலேயே வேலை செய்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"பொலிஸ்காரன் பத்தச் சொன்னவனோ?"

"ஓம்."

"இதைவிட நல்ல பொய் ஒண்டு வரேல்லையோ உங்களுக்கு?"

கேற்றைச் சாத்திவிட்டாள். அதற்குப் பிறகு டெலிபோனும் எடுக்கிறாள் இல்லை. ஆகவே நீங்கள் உடனே அவளுக்கு ஒரு கோல் எடுத்து, அப்படி ஒரு பிளாஸ்டர் உலகத்தில் இருக்கிறது, அனுப்பினது நான்தான் என்று சொல்லவேண்டும். கலியாணத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். கலியாணம் இருந்தால் எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு முத்தங்கள். எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும், எனக்கு மருந்து அனுப்பாமல் இருக்கவேண்டும்.

உங்கள் தம்பி,
முத்துலிங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் பவளராணி வந்து நின்றாள். "அந்தப் பொலிஸ்காரனைக் காட்டுங்கோ" என்றாள். செக்பொயின்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே சார்ஜன், பஸ்ஸை மறிக்கக் கையை உயர்த்த, சேட்டுக் கை மேலே போனது. புஜத்தில் உங்கள் பிளாஸ்டர். என்னைக் கண்டதும் அவசரமாகக் கையை இறக்கினார். பிறகு பவளராணியைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில், "நோனா, மாத்தயா பொய் இல்ல. நான்தான் பத்தச் சொன்னது. எனக்கும் வீட்டில நோனாவோட சண்டை, சிகரெட்டால" என்றார். பவளராணி கைப்பையைத் திறந்து, எனக்கென்று வைத்திருந்த கராம்பை அவருக்குக் கொடுத்தாள்.

ஆகையால் கோல் வேண்டாம். டிக்கெட்டைப் போடுங்கள். பிளாஸ்டர் இரண்டு பெட்டி அனுப்புங்கள். ஒன்று சார்ஜனுக்கு, பலம் கூடினதாய் வேண்டுமாம். அவர் இருபது வருஷமாய்ப் பத்துகிறவர்.