நாலடிச் சுத்தம்

ஒற்றை மூலைக்காரர்கள் என்று ஒரு இனம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன இளவட்டங்களில் பத்துக்கு ஒன்பது இந்த இனம்தான். இல்லை என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள், நான் கேட்கப்போவதில்லை. இவர்களும் வீடு பெருக்குவார்கள். வீடியோ காலில் தெரிகிற நாலடியை மட்டும்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாளே, அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்களேன். போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. வாரம் பூரா அவளுக்கு ஒரே மந்திரம்: "சனிக்கிழமை பாத்துக்கலாம்." அழுக்குத் துணியா? சனிக்கிழமை. அறுந்த செருப்பா? சனிக்கிழமை. சனிக்கிழமையும் பாவம், வராமலா இருக்கிறது? வந்தால் பன்னிரண்டு மணிக்குக் கண் விழித்து, போர்வைக்குள் கிடந்தபடியே போனைத் தடவி, பசி வயிற்றைக் கிள்ளியபிறகு ரொட்டியை நின்றவாக்கில் தின்று, கட்டிடத்துக்கே பொதுவான துவைக்கிற மெஷினுக்கு மூட்டையோடு நாலு மாடி இறங்கினால், அதற்குள் யாரோ துணியைப் போட்டுவிட்டு எடுக்காமல் போயிருக்கிறார்கள். மூட்டை மறுபடி நாலு மாடி ஏறுகிறது. முடிந்தது சனிக்கிழமை.

ஞாயிறு, பரீட்சை: ஊரிலிருந்து அம்மாவின் வீடியோ கால். அதிலும் இந்த ஞாயிறு லேசுப்பட்டதில்லை. இன்னும் ஒரு வருஷம் இரு என்கிறார் கடை முதலாளி. அவளுக்கும் அந்த வேலைமேல் உசிரு. ஆனால் அப்பா வாயால் சரி என்று வராமல் கையெழுத்துப் போடமாட்டாள். "நீ இருக்கற லட்சணத்தப் பாத்துட்டுதான் சொல்வோம்" என்றுவிட்டாள் அம்மா.

பெண் விடுவாளா? துணி மூட்டையை ஜன்னல் பக்கம் தள்ளி, எச்சில் பாத்திரங்களைக் குளியலறைக்கு நாடு கடத்தி, சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, தலையை முன்பக்கம் மட்டும் வாரி, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கிழிந்த பைஜாமாவுமாக உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்ட்டியாடி?"

"ஆச்சும்மா. சோறு வடிச்சு, காய் வதக்கினேன்."

காயாவது, வதக்குவதாவது.

"போனக் கொஞ்சம் திருப்பு, வீட்டப் பாப்போம்."

"அது அப்புறம். அப்பா எங்க?"

"குளிக்கிறார்."

"போன வாரமும் குளிச்சாரே."

"ஏன், மனுஷன் சுத்தமா இருக்கக் கூடாதா?"

"அதுக்கு முந்தின வாரமும் குளிச்சார்ம்மா."

அப்போதுதான் பெண் உற்றுப் பார்த்தாள். மூணு வாரமாக அம்மாவுக்கு அதே நாற்காலி, முதுகுக்குப் பின்னால் அதே சுவர். லென்ஸ் தேய்க்கிற கண்ணாயிற்றே, விடுமா?

"நீ திருப்பும்மா மொதல்ல."

"நீ திருப்புடி."

இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இந்த இழுபறிக்கு நடுவே, திரையில் தெரியாத ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது.

"எத்தன நாளைக்குத்தான் நான் குளிச்சுட்டே இருக்கறது? திருப்பித் தொலை."

அம்மா கையில் போன் திரும்பியது. கட்டிலில் அப்பா. வலது காலில் முட்டிவரை மாவுக்கட்டு, அதற்கடியில் மூணு தலையணை. ஸ்டூல்மேல் ஏறி பல்பு மாட்டப் போனவர்.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வருவ. பத்து நாள்ல கட்டுப் பிரிச்சுடுவாங்க. ஒண்ணுமில்ல. சரி, உன் வண்டவாளத்தக் காட்டு."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? திருப்பினாள். மூட்டை, செருப்பு, ரொட்டித் தூள், கட்டிலா துணிக்கடையா என்று தெரியாத கட்டில், குளியலறையில் பாத்திரக் குவியல். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் கல்யாண மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்போல ஒவ்வொன்றாக, சாவகாசமாகப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வாம்மா."

"இந்தக் கண்றாவியப் பாத்த பெறகுமா?" என்றாள் அம்மா.

"அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கா. பொழச்சுக்குவா."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். போன் அடித்ததும் எழுந்து போய் உட்காருகிறீர்களே ஒரு இடம், அந்தச் சுவர் மட்டும் ஏன் அத்தனை பளிச்சென்று இருக்கிறது?