பதினேழாம் பக்கம் பச்சை

1998ஆம் ஆண்டு மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பாய்லர் ஓட்டுவதை இனிமேல் இணையம் வழியாகவே கற்றுத் தருவது என்று முடிவு செய்யப்பட்டது. முடிவெடுத்த பதினொரு பேரில் பாய்லரை நேரில் பார்த்தவர் எவருமில்லை. ஆகவே கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை.

கூட்டம் நடந்த இடம், தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு சேலைக் கடையின் மாடியில் இருந்த தொழில்திறன் நவீனமயமாக்கல் மையம். அங்கே இருபத்தாறு வருடமாகக் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்த கனகேஸ்வரி, ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனாள். வெளியே வரும்போது திட்ட ஒருங்கிணைப்பாளராக வந்தாள். பாடத்தின் தமிழ்ப் பதிப்பு பதினான்கு வாரத்தில் முடிய வேண்டும்.

துணை இயக்குநர் விநாயகமூர்த்தி கெந்திங் மலையில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய் வந்தவர். அங்கிருந்து இரண்டு பொருள்களைக் கொண்டு வந்திருந்தார். ஒன்று, சுவரில் ஒட்டும் ஆறடி கால அட்டவணை. தொடங்காத வேலை சிவப்பு, நடக்கும் வேலை மஞ்சள், முடிந்த வேலை பச்சை. அதன் நகல் வெள்ளிக்கிழமைதோறும் தலைமையகத்துக்குப் போகும். இன்னொன்று, தகவல் தொடர்பு நடைமுறை. எல்லாச் செய்தியும் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். பதினொரு பேருக்கும் நகல் போக வேண்டும். போனில் பேசியது பேசாததாகவே கருதப்படும்.

பாடத்துக்குத் தேவையான விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கிள்ளானில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் ஒரு சலவை நிலையத்தில் பாய்லர் ஓட்டிய கபிரியேல். அட்டவணையில் அவர் பெயர் 'பொருள் வல்லுநர்'. அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. இந்தக் குறை உடனே தீர்க்கப்பட்டது: அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வழங்கப்பட்டது.

அதன் பிறகு வேலை முறைப்படி நடந்தது. கனகேஸ்வரி தன் முகவரியிலிருந்து கபிரியேலுக்குக் கேள்வி அனுப்புவாள். பிறகு கபிரியேலின் முகவரியைத் தானே திறந்து, கேள்வியை அச்செடுத்துக்கொண்டு, கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போவாள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு திரும்பி வந்து, அவர் முகவரியிலிருந்து தனக்கே பதில் அனுப்புவாள். கடைசியாகத் தன் முகவரியிலிருந்து, 'தங்கள் உடனடி ஒத்துழைப்புக்கு நன்றி' என்று எழுதுவாள். கபிரியேல் விரைவாகப் பதில் போடுகிறார் என்று விநாயகமூர்த்தி இரண்டு கூட்டங்களில் பாராட்டினார்.

ஒன்பதாவது வாரம் பதினேழாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனாள். பாடத்தை எழுதியவர் அதற்கு முன் மீன்தொட்டி பராமரிப்பு பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். கபிரியேல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"அக்கா, இத யாரு எழுதுனது?"

"ஏன், என்ன?"

"மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயில தண்ணி தெரியலன்னா உடனே தண்ணி விடவும்னு போட்டிருக்கு. உள்ள இரும்பு காஞ்சு கொதிச்சுப்போய் நிக்கும்க்கா. அந்த நேரத்துல பச்சத் தண்ணிய விட்டா கூரை பறந்துடும். விட்டவனப் பொறுக்கித்தான் எடுக்கணும்."

"அப்ப என்ன செய்யணும்?"

"நெருப்ப நிறுத்தணும். தண்ணி விடவே கூடாது. வெளிய போயிடணும். அவ்வளவுதான்லா."

ஊர் திரும்பும் வழியெல்லாம் கனகேஸ்வரி அந்தத் தாளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், பதினேழாம் பக்கம் தப்பு. ஆள் செத்துப் போவான்."

விநாயகமூர்த்தி திரும்பி அட்டவணையைப் பார்த்தார். "பதினேழு பச்சையா இருக்கே."

"பச்சையாத்தான் இருக்கு சார். தப்பாவும் இருக்கு."

"பச்சைன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். முடிஞ்சது எப்படித் தப்பா இருக்கும்? தலைமையகத்துக்கு மூணு வாரமா பச்சைன்னு போயிருக்கு. இப்ப சிவப்புன்னு அனுப்பினா, மூணு வாரம் நாம பொய் சொன்னோம்னு ஆயிடும்."

"அப்ப திருத்தவே முடியாதா சார்?"

"யார் சொன்னது? தாராளமாத் திருத்தலாம். கருத்து மாற்றம் எல்லாம் இரண்டாம் கட்டத்துல வருது. ரெண்டாயிரத்து ஒண்ணு, ஜனவரி."

கம்ப்யூட்டர் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த வாசு கூட்டம் முடிந்ததும் அவளிடம் வந்தான். முப்பது வயதுக்காரன், இதுபோன்ற ஏழு திட்டங்களைக் கண்டவன்.

"அக்கா, கருத்து மாத்தறதுக்குத்தான் அப்ரூவல் வேணும். எழுத்துப் பிழைக்கு வேணாம். ஒரு ஃபாரம் நிரப்பிக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்."

'விடவும்' என்பது பிழை, 'விடக் கூடாது' என்பது திருத்தம் என்று கனகேஸ்வரி எழுதிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் பல நாளைக்குப் பிறகு வாழையிலைச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டாள்.

பதினான்காவது வாரம் பாடம் குறித்த நாளில் முடிந்தது. வெள்ளோட்டமாகப் பதினொரு அதிகாரிகளும் கனகேஸ்வரியும் தேர்வை எழுதிப் பார்க்க வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அந்தக் கட்டம் பச்சையாக வேண்டும் என்றும் உத்தரவு. கனகேஸ்வரி நான்கு மணிக்கு உட்கார்ந்தாள். தண்ணீர் பற்றிய கேள்விக்கு 'விடக் கூடாது' என்று போட்டாள். திரையில் சிவப்பு எழுத்தில் 'தவறு, தேர்ச்சியில்லை' என்று வந்தது.

"வாசு, என்ன இது?"

"விடைப் பட்டியல் வேற ஆளோட குத்தகை, அக்கா. அது பழைய பக்கத்தப் பார்த்துச் செஞ்சது. அதுல எழுத்துப் பிழைன்னு ஒண்ணு காட்ட முடியாது, வெறும் ஏ, பி, சி தான்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது. விநாயகமூர்த்தி பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அட்டவணை அருகில் நின்றார். கனகேஸ்வரி இன்னொரு முறை எழுதினாள். 'உடனே விடவும்' என்று போட்டாள். தேர்ச்சி. பாய்லர் ஓட்டத் தகுதி பெற்றவர் என்ற சான்றிதழ், பூ வேலை செய்த ஓரத்தோடு, அச்சு இயந்திரத்திலிருந்து இறங்கி வந்தது. தேர்ச்சி வரும் வரை விடையை மாற்றி எத்தனை முறையும் எழுதலாம் என்பதால், ஏற்கனவே பதினொன்று இறங்கியிருந்தன.

முதல் மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். நானூற்றுப் பதினொரு பேர் தேர்ச்சி. தோற்ற ஒருவர் கபிரியேல்.

கிள்ளான் வட்டாரத்தில் இனிமேல் சான்றிதழ் இல்லாமல் பாய்லரைத் தொடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்ததால், மையத்துக்கு வரவழைத்து அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். கனகேஸ்வரி பக்கத்தில் நின்றாள். இரண்டு முறை தோற்றார்.

"கபிரியேல், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தப்பான பதிலப் போட்டுடுங்க. பாஸாயிடுவீங்க."

"அக்கா பாஸாயிட்டீங்களா?"

அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கபிரியேல் மூன்றாவது முறையும் சரியான பதிலைப் போட்டுத் தோற்றார்.

மையம் அவரைக் கைவிடவில்லை. தோற்றவர்களுக்குத் தனிக்கவனம் என்று நடைமுறையில் ஒரு பிரிவு இருந்தது. அதன்படி அவர், தேர்ச்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மூன்று வாரம் பாய்லர் கற்றுக்கொள்ள வேண்டும். தேர்ச்சி பெற்றவர்களில் கிள்ளானுக்கு வழி தெரிந்தவள் கனகேஸ்வரி.

ஆகவே அவள் மூன்று வாரம் கபிரியேலுக்குப் பாய்லர் கற்றுக்கொடுத்தாள். "சொல்லுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே அவர் வால்வைத் திறப்பார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, 'மாணவர் முன்னேறுகிறார்' என்று எழுதுவாள். முதல் நாள் நீராவி சீறியபோது கதவு வரை ஓடினாள். மூன்றாம் வாரத்தில், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்குவது அவள் கண்ணிலேயே முதலில் பட்டது. "கபிரியேல், தண்ணி!" என்று கத்தினாள். "இன்னும் இருக்குக்கா. ஆனா நல்லாப் பார்த்தீங்க" என்றார் அவர். இருபத்தாறு வருடத்தில் அலுவலகத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

கடைசி நாள் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. 'மாணவரின் தவறான புரிதல் திருத்தப்பட்டதா?' இல்லை என்று போட்டால் கபிரியேல் திங்கட்கிழமை வீட்டில் இருப்பார். அவர் இடத்துக்கு நானூற்றுப் பதினொரு பேரில் ஒருவர் வருவார். கனகேஸ்வரி பாய்லரைப் பார்த்தாள், கபிரியேலைப் பார்த்தாள். 'ஆம்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. அதை அவரிடம் நேரில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கூடவே வந்திருந்த தலைமையகக் கடிதத்தை ரயிலில் உட்கார்ந்து பிரித்தாள்.

'பொருள் வல்லுநர் தமது முந்தைய கருத்து தவறென்று ஏற்றுக்கொண்டதைத் தங்கள் படிவத்தால் அறிந்தோம். அக்கருத்தின் அடிப்படையில் பதினேழாம் பக்கத்தில் நேர்ந்திருந்த எழுத்துப் பிழை நீக்கப்பட்டு, மூல வாசகம் மீண்டும் சேர்க்கப்பட்டது. பாடம் அடுத்த மாதம் முதல் நாடு முழுவதும் கட்டாயமாகிறது. தங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி.'

ரயில் சுங்கை வேயைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைகளின் பாய்லர்ப் புகைக்குழாய்கள் வரிசையாகத் தெரிந்தன. கனகேஸ்வரி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து மறுபக்கம் போய், அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் புகைக்குழாய்கள் இருந்தன.