சௌபாக்யா ஹைட்ஸ்வாசிகள் தாராவியில் உண்ட வரலாறு

மனிதகுலம் கண்டுபிடித்த கேள்விகளில் தலைசிறந்தது, "நீங்கள் யார்?" என்பதுதான். ஞானிகள் இதைத் தங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு காடு மலைக்குப் போய்விட்டார்கள். மும்பை செம்பூரின் 'சௌபாக்யா ஹைட்ஸ்' இதைப் பிறரைப் பார்த்துக் கேட்டு, வாசலிலேயே நிறுத்தி வைத்தது. நாகரிகம் எங்கே வளர்ந்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

எங்கள் கட்டடத்துக்கு யார் வந்தாலும் வாசலில் கேமரா முகத்தைப் பிடிக்கும். மேலே எங்கள் போனில் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் தோன்றும். பச்சையைத் தொட்டால் கேட் திறக்கும். சிவப்பைத் தொட்டால் செயலி காரணம் கேட்கும். நாம் தேர்ந்தெடுக்கும் காரணம் வந்தவருடைய போனுக்கே குறுஞ்செய்தியாகப் போய்விடும். முகத்துக்கு நேரே 'போய்யா' என்று சொல்லும் அநாகரிகம் எங்களிடம் கிடையாது. என் சொந்தத் தம்பி ஒருமுறை தாடி வளர்த்துக்கொண்டு வந்து, அரைப்பகல் வெயிலில் நின்றான். பாதுகாப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இந்தக் கட்டடத்தின் 'ஆனந்த உபகுழு'வுக்கு என் மனைவி மாரீஸ்வரி தலைவி. நான் கௌரவச் செயலாளர். 'கௌரவ' என்றால் வேலை உண்டு, பேச்சு கிடையாது.

பங்குனி வெயில் தொடங்கிய வாரத்தில் உபகுழுவின் அவசரக் கூட்டம் நடந்தது. பொருள்: உல்லாசம்.

"தாய்லாந்து வரைக்கும் போய் மசாஜ் பண்ணிக்கிறோம். பக்கத்துல இருக்கிற தாராவியை என்னைக்காவது அனுபவிச்சிருக்கோமா?" என்று கேட்டாள் தலைவி.

"தினமும் பாலத்து மேல போறப்பப் பாக்கிறேனே, மேடம்," என்றார் ஒன்பதாம் மாடிக்காரர்.

"பாக்கிறது வேற, அனுபவிக்கிறது வேற."

இந்த வாக்கியம் அப்படியே தீர்மானமாயிற்று. 'அக்கம்பக்கம்' என்ற செயலியில் 'ஒரு நாள் உள்ளூர் உல்லாசம்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. கேளிக்கை, விருந்து, சீராட்டு மூன்றும் ஒரே சந்துக்குள். பைசான் என்ற இளைஞர் தொண்ணூறடி ரோட்டு முனையில் காத்திருந்து அழைத்துப் போவார். எட்டுப் பெண்கள், நான்கு ஆண்கள் பெயர் கொடுத்தோம். எல்லோரும் வெள்ளை உடை. வெள்ளை உடுத்தினால் மனசு லேசாகும் என்று தலைவி எங்கோ கேள்விப்பட்டிருந்தாள்.

ஞாயிறு காலை கிங்ஸ் சர்க்கிளில் டிபன். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்று, இட்லியைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தது. "இன்னொருத்தர் சாப்பிடுற இடத்துல இப்படியா நிப்பாங்க? கொஞ்சமும் இங்கிதம் இல்லை," என்றாள் மாரீஸ்வரி. இந்தக் கருத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாராவியில் இறங்கியபோது பைசானைக் காணவில்லை. அவர் ஒரு முனையில் நிற்க, நாங்கள் வேறு முனையில் இறங்கியிருந்தோம் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் எங்களுக்கு வழிகாட்டி எதற்கு? எதிரே ஒரு சந்து. வாயிலில் தோரணம், சீரியல் லைட், 'நல்வரவு' என்று ஜிகினாவில் எழுதிய பலகை.

"நமக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க பாருங்க," என்றாள் தலைவி. வெயிலுக்குப் பெண்கள் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் நால்வரும் வெள்ளை ஜிப்பாவில் முன்னே நடந்தோம்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது கல்யாண வீடு.

தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் நாகூர் கனியின் மகள் சஃப்ரீனுக்கும் உல்லாஸ்நகர் யாசருக்கும் வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்துவிட்டது. ஞாயிறன்று மாப்பிள்ளையின் உறவுக்காரர்கள் வந்து, விருந்து சாப்பிட்டு, பெண்ணை அழைத்துப் போக வேண்டும். அன்று தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக். அதனால் அவர்கள் பஸ்ஸில் புறப்பட்டார்கள். மும்பையே பஸ்ஸில் புறப்பட்டிருந்ததால் பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. நாகூர் கனி மாப்பிள்ளையையும் அவருடைய தகப்பனாரையும் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, தலையில் முக்காடும் உடம்பில் வெள்ளையுமாக, தமிழ் பேசிக்கொண்டு பன்னிரண்டு பேர் நுழைந்தால் அவர் என்ன நினைப்பார்?

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கிய. உக்காருங்க சம்பந்தி," என்றார் அவர். "மத்தவங்கள்லாம்?"

"பின்னாடி வர்றாங்க," என்றேன். எங்கள் டிரைவர்கள் இரண்டு பேர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

'சம்பந்தி' என்ற விளிப்பு எங்களை மிகவும் கவர்ந்தது. நட்சத்திர ஹோட்டலில்கூட 'சார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பன்னீர் தெளித்தார்கள். மணிக்கட்டில் அத்தர் தடவினார்கள். நன்னாரி சர்பத் வந்தது. பெண்களை உள்ளே அழைத்துப் போய், மணமகளின் தாயார் அக்தர் பானு பாயில் உட்கார வைத்து, மருதாணி இடுபவர்களை அழைத்தார். "கையைக் குடுங்க சம்பந்திம்மா. அலுப்பா இருப்பிய, காலை நீட்டுங்க." ஒருத்தி காலை அமுக்கிவிட்டாள். சீராட்டு என்ற அம்சம் இவ்வாறு நிறைவேறியது. வெளியே பெரியவர்கள் தஃப் என்ற கைப்பறை அடித்துப் பாடினார்கள். கேளிக்கை. ஒன்பதாம் மாடிக்காரர், "ரெக்கார்டிங் சரியா வரலை, முதல்ல இருந்து ஒருக்கா," என்றார். சம்பந்தி கேட்டால் மறுக்க முடியுமா? மூச்சு வாங்க வாங்க மறுபடி பாடினார்கள்.

இவ்வளவு நேரமும் யாருக்குமே சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வராது. காரணம் அறிவியல்பூர்வமானது. மாப்பிள்ளை வீட்டுக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே தொனியில்தான் பேசுவார்கள்.

"காத்தே வரலியே," என்றேன் நான். இரண்டு டேபிள் ஃபேன் வந்தன.

"ஐஸ் பத்தாது," என்றார் ஒன்பதாம் மாடி. ஐஸ் வந்தது.

"நாங்க இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தோம்," என்றாள் மாரீஸ்வரி, பொதுவாக. அக்தர் பானுவின் முகம் வெளுத்துவிட்டதாம்.

ஒருத்திக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி. அடுக்களையில் அக்தர் பானுவை ஓரமாக இழுத்து, "யக்கா, இவுக மாப்பிள்ளை வீடுதானா? ஒருத்தி கூட பொண்ணு மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கலியே. போனத்தான பாக்காவ," என்றாளாம்.

"சாப்பிட வந்து உக்காந்தவங்கள யாருன்னு கேக்கச் சொல்லுதியா? கேட்டுட்டு நாளைக்கு நான் இந்தத் தெருவுல நடமாட வேண்டாமாட்டி?"

"இல்ல, நைசா ஊரு பேரு..."

"சும்மா கெட. சோத்த எடு."

என்ன பின்தங்கிய நிலைமை பாருங்கள். 'நீங்கள் யார்?' என்ற அடிப்படைக் கேள்விகூட இன்னும் அந்தச் சந்துக்கு வந்து சேரவில்லை.

விருந்து சஹனில். சஹன் என்றால் அகன்ற தாம்பாளம். நால்வர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். முதலில் ஒருவர் செம்பும் கிண்ணமுமாக வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். லிஃப்டில்கூட ஒருவர் இறங்கும் வரை காத்திருந்து இன்னொருவர் ஏறும் கட்டடத்துக்காரர்கள் நாங்கள். ஒரே தட்டில் நான்கு கைகள் போட்டு நெய்ச்சோறும் கறியும் சாப்பிட்டோம். எனக்கே கண் கலங்கியது. மிளகாய் இல்லை, உணர்ச்சி. கடைசியில் வட்டலப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பதார்த்தம். மாரீஸ்வரி மூன்று முறை வாங்கினாள்.

மூன்றாவது வட்டலப்பத்தின்போது பஸ் வந்தது.

முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாயார் உமைரா. பின்னால் ஒரு பஸ் நிறையச் சனம், பசியோடு. உள்ளே வந்தார். அவருக்காக விரித்த பாயில் எட்டுப் பெண்கள். அவருக்காக வைத்த சஹனில் எலும்புகள். அவர் பாய்க்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாத்தீங்களா," என்று மாரீஸ்வரி அடுத்தவளிடம் சொன்னாளாம், "இங்கயும் வந்து முதுகுக்குப் பின்னால நிக்கிறாங்க."

நாகூர் கனி உள்ளே ஓடினார். உமைராவையும் பார்த்தார், இவர்களையும் பார்த்தார். அப்போதும் அந்த மனிதர் கேட்கவில்லை. எட்டுப் பேர் கையும் தட்டில் இருந்தது. கை தட்டில் இருக்கும்போது கேட்கக் கூடாதாம்.

"நாங்க வாரதுக்குள்ள எங்க எடத்துல உக்காத்தி வச்சிருக்கியளே, அவ்வளவு பெரிய ஆளுக யாரு?" என்றார் உமைரா.

"சம்பந்தி, எனக்கு..."

"யாருன்னு சொல்லுங்க. தெரிஞ்சிக்கிடுதோம்."

உள்ளூர் விவகாரங்களில் தலையிடக் கூடாது என்பது உபகுழுவின் கொள்கை. பன்னிரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு, சந்தின் மறுமுனை வழியாகக் கண்ணியமாக வெளியேறினோம். எங்கள் இரண்டு ஃபேனும் காலி இடத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

பஸ் பெண்ணை ஏற்றாமல் திரும்பிவிட்டது. உமைரா சொல்லிவிட்டுப் போன வார்த்தை இதுதான்: "எங்களவிட ஒசத்தியா வச்ச ஆளு யாருன்னு தெரியணும். தின்ன வாயாலயே ஒருத்தர் வந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் பொண்ண அனுப்புங்க." கட்டின புடவையோடு சஃப்ரீன் வாப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இது எதுவும் தெரியாமல் அன்று மாலையே தலைவி செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டாள். கூடவே குழுப் படம், கட்டடத்தின் பெயர், ஒரு சிறு குறை: 'கடைசியில் வெளியாட்கள் கூட்டமாக வந்து நின்றதை நிர்வாகம் தவிர்த்திருக்கலாம்.' நாள் முழுக்க ரோட்டு முனையில் காத்திருந்து, ஒருவரையும் பார்க்காமல், ஐந்து நட்சத்திரம் வாங்கிய பைசான் குழம்பிப் போனார். அவர் அந்தச் சந்துக்காரர்தான். படத்தில் இருந்த தோரணத்தை உற்றுப் பார்த்தார். நேரே நாகூர் கனியிடம் ஓடினார்.

மறுநாள் எங்கள் வாசலில் கேமரா ஒரு முகத்தைப் பிடித்தது. வாட்ச்மேன் சுடலைக்கண்ணன் இன்டர்காமில் வந்தார்.

"சார், தாராவியில இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. நாகூர் கனின்னு பேரு."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே."

"அவரு மக கல்யாணத்துல நீங்க சாப்பிட்டியளாம். போன்ல உங்க குழுப் படத்தக் காட்டுதாரு."

மாரீஸ்வரி ஸ்பீக்கரைப் போட்டாள். "நாங்க கல்யாணத்துக்கே போகலை. பேக்கேஜ்ல போனோம்."

சுடலைக்கண்ணன், வந்தவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எங்களுக்குச் சொன்னார். நீங்கள் இதுவரை படித்ததில் பாதி அவர் வாயால் வந்ததுதான்.

"இப்ப அவருக்கு என்னதான் வேணுமாம்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாமாம். யாராவது ஒருத்தர் உல்லாஸ்நகர் வரைக்கும் கூட வந்து, நாங்க இன்னாரு, தெரியாம வந்து உக்காந்துட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். கார் கொண்டாந்திருக்காரு. அந்தப் புள்ள அங்க அழுதுட்டே இருக்காம் சார்."

சிக்கலான விஷயம். உபகுழு போனிலேயே கூடியது. ஒருவருடைய பெயர் என்பது 'தனிப்பட்ட தகவல்' என்றார் ஒன்பதாம் மாடி. முன்பின் தெரியாதவரோடு காரில் போவது பாதுகாப்பா என்றாள் தலைவி. தெரியாதவர் சோற்றைத் தின்னலாமா என்று யாரும் கேட்கவில்லை. அது நிகழ்ச்சிநிரலில் இல்லை. சிவப்புப் பொத்தானைத் தொட்டேன். செயலி காரணம் கேட்டது. 'அறிமுகமில்லாதவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

வாசலில் நின்றவரின் போன் சிணுங்கியது. கேமராவில் பார்த்தேன். தமிழ்ச் செய்திதான். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் போனை அவர் நேரே உல்லாஸ்நகர் கொண்டுபோய் உமைராவிடம் நீட்டியிருக்கிறார். 'நீங்கள் அறிமுகமில்லாதவர். உங்கள் வருகை மறுக்கப்படுகிறது. சௌபாக்யா ஹைட்ஸ்.'

"இதுதான் அவங்களா?" என்று கேட்டாராம் உமைரா.

"இதுதான் அவங்க."

"சோறு போட்டவரையா யாருன்னு கேட்டிருக்காங்க?"

உமைரா முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "எழும்புங்க சம்பந்தி. இவங்களப் போயி ஒசந்த ஆளுகன்னு நெனச்சிட்டேனே. வாங்க, புள்ளைய கூட்டிட்டு வருவோம்."

ஆக, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்தது எது? எங்கள் சிவப்புப் பொத்தான். இதை ஆண்டறிக்கையில் சாதனையாகச் சேர்க்கத் தலைவி ஆணையிட்டாள். சேர்த்தேன்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை வாசலுக்கு ஒரு பெரிய டப்பா வந்தது. உள்ளே வட்டலப்பம். பெண் புகுந்த வீடு போன சந்தோஷத்துக்காம். கொண்டு வந்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெறுநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் பெயர் அவருக்குக் கடைசி வரை தெரியாததால், இப்படி எழுதியிருந்தது: 'எங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டவங்களுக்கு.'

சுடலைக்கண்ணன் விதிப்படி டப்பாவைக் கேமராவுக்கு முன்னால் வைத்தார். வீட்டு எண் இல்லாததால் எல்லா வீட்டுப் போனுக்கும் அனுப்பினார். எங்கள் கட்டடத்தின் வரலாற்றில் முதல் முறையாக, 'நீங்கள் யார்?' என்ற கேள்வி கீழேயிருந்து மேலே வந்தது.

பன்னிரண்டு பேரும் சிவப்பைத் தொட்டோம். காரணம் கேட்டது. ஒருவரையொருவர் கலந்து பேசாமலே, பன்னிரண்டு பேரும் ஒரே காரணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம்:

'அப்படி யாரும் இங்கே இல்லை.'