நீலப் படுதாவுக்குக் கீழே மச்சான்

மரியாதைக்குரிய நல்லூர் மச்சான் பழமலைநாதன் அவர்களுக்கு, விருத்தாசலத்திலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் விருத்தகிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை அம்புஜவல்லியும் கல்யாணப் பெண் வேல்விழியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் கேட்கப் பதினோரு தடவை போன் போட்டேன், நீங்க எடுக்கல. அதான் கடுதாசி.

நான் அனுப்பின நிச்சயதார்த்தப் போட்டோவுல உங்க மூஞ்சி நீலமா இருக்குதுன்னு கோவிச்சுக்கிட்டு, "அத சரி பண்ணாம கல்யாணத்துக்கு வரமாட்டேன்"னு சொல்லியனுப்பிட்டீங்க. ஆவணி பொறந்தா கல்யாணம். தாய்மாமன் நீங்க மாலை போடாம எம்பொண்ணு எப்படி மணவறை ஏறும்? நான் வேணும்னு செய்யல மச்சான். வாசல்ல வெயிலுக்குக் கட்டுன நீலப் படுதா செஞ்ச வேலை அது. படுதாவும் நம்மளுது இல்ல, கம்மாபுரத்துல ஒருத்தரு நெல்லு மூட வாங்குனது. அவரு வூட்டு ஆடு அதுல ஒரு ஓரத்தத் தின்னுட்டு மூணு நாளு... சரி, ஆட்டுக் கதைய நேர்ல சொல்றேன். வெயிலு அந்தப் படுதா வழியா எறங்கி எல்லாரு மேலயும் நீலத்தப் பூசிட்டுது. நடுவுல உக்காந்ததால உங்களுக்குக் கொஞ்சம் தாராளம்.

பஸ் ஸ்டாண்டுகிட்ட ஸ்டுடியோ வச்சிருக்கிற விமல்ராஜுகிட்ட அம்புஜவல்லியையும் கூட்டிக்கிட்டு ஓடுனேன். கம்ப்யூட்டர்ல படத்தத் தொறந்து, "இதுல சுத்த வெள்ளையா எது இருக்குது பெரியப்பா? அது மேல ஒரு தட்டு தட்டுனா மத்த நெறமெல்லாம் தானா சரியாயிடும்"னான். உங்க தங்கச்சி பட்டுனு, "எங்கண்ணன் வேட்டிதான்! அதவிட வெள்ளை இந்த ஜில்லாவுலயே கெடையாது"ன்னுது. தட்டுனான். மச்சான், அத்தன பேருக்கும் மஞ்சக்காமாலை! சம்பந்தி வூட்டுக் கைக்கொழந்தைக்குக் கூட. "வேட்டிக்கு நீலம் போடுவாங்களா?"ன்னான். உங்க வூட்டுல ராஜாம்பாள் தங்கச்சி அரை பாட்டிலு நீலம் ஊத்துறது ஊருக்கே தெரியும். "அதான் பெரியப்பா. வேட்டியே நீலம். அத வெள்ளைன்னு காட்டுனா, கம்ப்யூட்டரு படத்துல இருக்கிற நீலத்தெல்லாம் உருவிடும். மஞ்சதான் மிஞ்சும்." "எங்கண்ணன் வேட்டியவாடா கொற சொல்ற?"ன்னு அம்புஜவல்லி எழுந்துட்டுது. அத உக்கார வச்சு, அடுத்து என் பனியனத் தட்டுனான். பழுப்பேறுன பனியன், நீலம் பாதி கூடப் போகல. இந்தத் தடவை உங்க தங்கச்சி எழுந்திரிக்கல, சிரிச்சுது.

முப்பது வருசமா பீங்கான் கம்பெனியில ஃபியூஸ் கட்டை தேய்க்கிறவன் நான். சூளைக்குள்ள போற வெள்ளை வேற, வெந்து வர்ற வெள்ளை வேற, எங்க முதலாளி சட்டை வெள்ளை வேற. கண்ண இடுக்கிப் பாக்குறேன், உங்க தலைக்கு நேரா மேல, செவுத்து மீட்டர் பொட்டியில, எங்க கம்பெனி ஃபியூஸ் கட்டை, சுத்த வெள்ளை! "தம்பி, அதத் தட்டு"ன்னேன். தட்டுனான். நீங்க மனுசனாயிட்டீங்க மச்சான். பொண்ணு பொடவை அரக்கு, வாழையெல பச்சை, உங்க மீச கருப்பு. மீச மை கன்னத்துல எறங்குனது வரைக்கும் தெளிவா இருக்குது.

அந்தப் படத்த இந்தக் கவர்லயே வச்சிருக்கேன். பாத்துட்டு மனசு எறங்கி வந்து மாலை போடுங்க. கொளஞ்சியப்பரு உங்க குடும்பத்தக் கண்ணுல வச்சுக் காப்பாத்தட்டும். ஆடு மாடு எல்லாத்தையும் கேட்டதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வார்த்தைக்குக் காத்திருக்கும்
விருத்தகிரி

பின்குறிப்பு: கவர ஒட்டப் போறப்ப ராஜாம்பாள் தங்கச்சி போன் பண்ணுச்சு. "அண்ணே, சரி பண்ணுன படத்த அனுப்பிடாதீங்க! ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து வந்த ஒரம்பற சனங்க நீலப் படத்தப் பாத்து, 'அப்படியே பெருமாளு'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அன்னைக்கே உங்க மச்சான் அதக் கண்ணாடி போட்டு மாட்டிட்டாரு. தெனம் பூ வைக்கச் சொல்றாரு. உசுரோட இருக்கிறவருக்கு வைக்கலாமான்னு கேட்டா, பெருமாளுக்கு வைக்கலாம்ங்கறாரு"ன்னுது. அதனால படத்தக் கவர்லேர்ந்து எடுத்துட்டேன். கல்யாணத்துக்கும் அதே படுதாதான் மச்சான். ஆடு தின்ன ஓரம் உங்க பக்கம் வராமக் கட்டச் சொல்லியிருக்கேன். வந்து உக்காருங்க.