கொம்பையா நன்றி நவின்ற படலம்

வாழ்க, எழுபத்தைந்து கிலோ நெல்மூட்டையைத் தலையணைபோல் பிடரியில் சாய்த்து நடக்கும் பெருந்தோளன்! வாழ்க, தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து, பேட்டை அரிசி ஆலையின் தவிட்டுப் புழுதியைத் தின்று, இரண்டையும் ஒருசேரச் செரித்து ஏப்பம் விட்ட ஏந்தல்! எலுமிச்சம்பழம் நிறுத்தத்தக்க மீசையும், குனிந்தால் நறுக்கென்று பதில் சொல்லும் இடுப்பும் படைத்த கொம்பையா என்னும் கோமகனின் புகழைப் பாடப் புகுகிறோம். முறைப்படி கலைமகளைத்தான் அழைக்க வேண்டும். ஆனால் அவள் மூட்டை இறக்கும் பக்கம் வந்து நாம் பார்த்ததில்லை. ஆகவே, சாக்கின் காதைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கியே, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் எம் கைக்கு வந்தது நீதான், நீயே துணை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிறந்த நாளன்று, ஆலையில் கணக்கெழுதும் சிவசங்கரன், மதுரையில் ஏதோ வாழ்க்கை முன்னேற்றக் கூட்டத்தில் மூன்று நாள் உட்கார்ந்து எழுந்து வந்த ஞானச்சூடு ஆறும் முன்னே, உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்றைக் கொம்பையாவின் கையில் திணித்து உபதேசம் செய்தார். நாளுக்கு ஓர் ஆளுக்கு, முகத்துக்கு நேரே, நன்றி சொல்ல வேண்டும். சொன்ன ஆளுக்கே மறுபடி சொல்லலாகாது. பொழுது அடையும் முன் பெயரை டைரியில் எழுதிவிட வேண்டும். பொங்கல்வரை விடாமல் செய்தால் நெஞ்சுப் பாரமெல்லாம் இறங்கிவிடும். இடுப்புப் பாரமும் இறங்குமா என்று கொம்பையா கேட்டதும் அவர் கணக்குப் பேரேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் நின்ற தாணுமாலையன், இருபது வருஷமாகக் கொம்பையாவின் முதுகில் மூட்டை ஏற்றிவிடும் தோழன், சிரித்துவிட்டான். "ஏலே, உன் வாயில கெட்ட வார்த்தையே முக்கித்தாம்ல வரும். இதெங்கன வரும்?"

சிங்கத்தின் பிடரியைச் சீண்டினால் என்ன ஆகும்? கொம்பையா ஆலை முற்றத்தில் நிமிர்ந்து, அதனால் இடுப்பு பிடித்துக்கொள்ள, பிடித்த இடுப்போடே வஞ்சினம் உரைத்தான்: "பொங்கலுக்குள்ள ஒரு நாள் தவறினாலும், இந்த மீசையில பாதிய இந்த வாசல்ல வச்சே செரச்சிக்கிடுதேன்!"

படையெடுப்பு தொடங்கியது. முதல்நாள் சிவசங்கரன் எளிதில் வீழ்ந்தார். இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் வீழ்ந்தார். மூன்றாம் நாள் நகரப் பேருந்து நடத்துனர், தன்னைக் கேலி செய்வதாக நினைத்து, நம் தலைவனை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டார். ஐந்தாம் நாள், முதுகில் மூட்டை அமரும் நேரம் பார்த்துத் தாணுமாலையனுக்கே நன்றி சொன்னான். இந்த மூட்டைக்கு நீ கைகொடுத்தால் அடுத்த மூட்டைக்கு நான் என்று பேச்சில்லாமல் ஓடுகிற தொழிலில் அப்படி ஒரு சொல்லைக் கேட்டறியாத தாணுமாலையன் கை நழுவவிட, மூட்டை அவன் காலிலேயே விழுந்தது. பன்னிரண்டாம் நாள் ஆள் கிடைக்காமல் ஆலை நாய்க்கு நன்றி சொல்லப்பட்டது. நாயை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று பெரும் வழக்கு எழுந்தது; வாலை ஆட்டியதால் சேர்க்கலாம் என்று சிவசங்கரன் தீர்ப்பளித்தார்.

பதின்மூன்றாம் நாள், பொங்கலுக்கு முந்தின நாள், ஒரே ஒரு கோட்டைதான் மிச்சம். அது அவன் வீட்டிலேயே இருந்தது.

இசக்கியம்மா! கொம்பையாவின் இல்லத்தரசி! பீடி இலை நிறைந்த முறத்தை மடியில் தாங்கி, ஊசிக்கண் போன்ற பார்வையும் நூல்சுற்றும் மின்னல் விரலும் உடையவள். மாலை ஐந்து மணிக்குத் திறந்து அரை மணி நேரத்தில் நின்றுவிடும் தெருக்குழாய்க்குக் காலிக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவன் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்க அவள் வறுத்த உப்பே ஒரு வண்டி தேறும். அது கொம்பையாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் நன்றி என்பது கூட்டம் முடியும்போது ஒலிபெருக்கியில் கடைசியாக வருகிற சொல். அதற்குப் பிறகு ஜமுக்காளத்தைச் சுருட்டிவிடுவார்கள்.

மலையைப் பெயர்க்கப் புகுந்தவன்போல் மூச்சை இழுத்துக்கொண்டு முதல் முறை வாயைத் திறந்தான். "தீப்பெட்டி எங்கட்டி?" என்று வந்தது. இரண்டாம் முறை திறந்தான். "ஆடு தண்ணி குடிச்சிச்சா?" என்று வந்தது. வீட்டில் ஆடே கிடையாது. மூன்றாம் முறை, கண்ணை இறுக மூடி, வேல் எறிவதுபோல் எறிந்துவிட்டான்: "இசக்கி, ஒனக்கு ரொம்ப நன்றி."

சுற்றிய நூல் பாதியில் நின்றது. போன வாரம் அவன் இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"டாக்டர் என்ன சொன்னாவ?" என்றாள். கொம்பையா திகைத்து நின்றான். அந்தத் திகைப்பே சாட்சியாயிற்று. "மறைக்காதிய. எத்தன நாளு குடுத்திருக்காவ?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முறம் பறக்க, புகையிலைத் தூள் சிதற, தலைவிரிகோலமாய் அவள் எழுப்பிய ஓலம், ஊழிக்காலத்துக் கடல்போல் தெருவின் இருமுனையையும் மோதித் திரும்பியது. அடுத்த வீட்டு ஜுபைதா பீவி பீடித்தட்டோடு ஓடிவந்தாள். குழாயடியில் நின்ற பெண்படை, அப்போதுதான் கொட்டத் தொடங்கிய தண்ணீரையும் நிரம்பாத குடங்களையும் கைவிட்டுத் திரண்டு வந்தது. ஒருத்தி நாடி பிடித்தாள். இன்னொருத்தி அவன் மூத்த அக்காளுக்கு ஆள் அனுப்பினாள். வடம்பிடித்த கூட்டத்தின் நடுவே சிக்கிய தேர்போல் அசையவும் வழியற்று நின்ற வீரன், முக்கால் மணி நேரம் கழித்தே வாய்ப்புக் கிடைத்து அறிவித்தான்: "எனக்கு ஒரு கேடும் இல்ல! இது மீசைப் பந்தயம்!"

போர்க்களம் அடங்கியது. அந்த அமைதியில் ஜுபைதா பீவிதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். "குழாய் நின்னு போச்சு."

நாளைக்குப் பொங்கல். ஒரு வீடும் கழுவவில்லை. கொம்பையாவையும் சிவசங்கரனையும் மதுரைக் கூட்டத்தையும் அந்தப் பெண்கள் வாழ்த்திய வாழ்த்துகளை இங்கே எழுதினால் இந்தக் காவியத்தை யாரும் அச்சிட மாட்டார்கள். கூட்டம் கலைந்த பின், சிந்திய தூளைக் கூட்டி அள்ளியபடி இசக்கியம்மா கேட்டாள்.

"மீசைக்குத்தான் சொன்னியளா?"

"மீசைக்குத்தான் ஆரம்பிச்சேன்." கொம்பையா தரையைப் பார்த்தான். "சொல்லும்போது மீச ஞாபகத்துல இல்ல."

அவள் மிச்சத் தூளையும் முறத்தில் அள்ளிப் போட்டாள். "இனிமே சொல்லாதிய. சொன்னா குழாயி நின்னு போவுது" என்று சொல்லிவிட்டு, குழாயடியிலிருந்து தூக்கி வந்த காலிக் குடங்களை அவன் பக்கம் பைய நகர்த்தி வைத்தாள்.

இவ்வாறாக மீசையின் இருசிறகும் மாசின்றிக் காத்து, டைரியில் இசக்கியம்மா என்று கோணல் எழுத்தில் பொறித்து, பதின்மூன்று நாள் போரில் புறமுதுகு காட்டாத வெற்றித் திருமகனாம் கொம்பையா, தெருவே வசைமாரி பொழிந்து வழியனுப்ப, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்து புறப்பட்டான்.

சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.