மாமியாருக்கு எதிராக ஓர் அணிவகுப்பு

இந்தக் குளிர்காலத்தில் என் மாமியார் என் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. தீர்மானம் செய்துவிட்டேன். பிளாட்டியா போர்க்களத்தில் பாரசீகப் படையையே உடைத்த தெகெயா ஊர்க்காரன் நான். மந்தினேயாவிலிருந்து வரும் ஒரு அம்மாளைத் தடுக்க முடியாதா? அந்த ஊர்க்காரர்கள் அன்று போருக்கு வந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான். விருந்தென்றால் மட்டும் முதல் ஆள்!

தனியாகப் போனால் என் மனைவி பிலின்னா பேசியே கவிழ்த்துவிடுவாள். அதனால் பக்கத்து வீட்டு ஸ்மிக்ரோஸைக் கூட்டிக்கொண்டேன். போரில் என் வலப்பக்கம் நின்றவன்.

"உங்கம்மா இங்க வரக் கூடாது!" என்றேன்.

"சரிங்க" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அது கெடக்கட்டும். பாரசீகனை எப்படித்தான் ஜெயிச்சீங்க? ஒரு தடவையாவது புரியுற மாதிரி சொல்லியிருக்கீங்களா?"

பத்து வருடமாக வேறென்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

"அவன் பிரம்புக் கேடயத்த வரிசையா நட்டுவச்சு, பின்னாலேர்ந்து அம்பு விடுவான். அது சாஞ்சா அவன் கதை முடிஞ்சுது. நாம தோளோட தோள் ஒட்டி நிப்போம். என் வலப்பக்கத்த ஸ்மிக்ரோஸ் கேடயம் காக்கும். ஈட்டியும் நமக்குத்தான் நீளம். அணி மட்டும் கலையவே கூடாது!"

"அணியா? நானும் பத்து வருஷமா அதத்தான் கேக்குறேன், காதுக்கும் கழுத்துக்கும்!"

ஸ்மிக்ரோஸ் சிரித்தான். வாய் நிறைய பிலின்னா கொடுத்த தேன் பணியாரம்.

"வாயால சொன்னா எனக்கு ஏறலங்க. நின்னு காட்டுங்க. தலைக்கவசத்தோட!"

தெருவாசலுக்கு முதுகைக் காட்டி, முற்றத்தில் நின்றோம். அந்த வெண்கலக் கவசத்தை மாட்டினால் காது பாதி அடைத்துவிடும். பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. பிலின்னா எதிரே ஒரு பிரம்புத் தட்டை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னாலிருந்து ஆலிவ் கொட்டைகளை எறிந்தாள். டங்! டங்!

"திரும்பிடாதீங்க! திரும்பினா தோத்தீங்க!" என்று கத்தினாள்.

தெகெயாக்காரனிடமா சொல்கிறாள்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொட்டை தீர்ந்ததும் பாய்ந்து, தட்டை உதைத்துத் தள்ளினேன்.

"ஜெயிச்சாச்சு!"

கவசத்தைக் கழற்றித் திரும்பினேன். என் நாற்காலியில் என் மாமியார். காலடியில் ஆளுயர மரப்பெட்டி.

"எப்படி அத்தை உள்ள வந்தீங்க?"

"வாசல் வழியாத்தான் மாப்பிள்ளே. பெட்டிதான் ஒரே கனம். பாவம், ஸ்மிக்ரோஸ் தம்பிதான் ஓடி வந்து தூக்குச்சு."