நிற்க மாட்டாத வாத்துக்குஞ்சு

சண்முகவடிவு உள்ளங்கையை நீட்டியபோது பொன்னுலிங்கம் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தான். வாசலில் கூட்டாளி அல்போன்ஸின் சைக்கிள் மணி அவசரப்படுத்தியது.

அவள் கையில் ஒரு வாத்துக்குஞ்சு. அன்று காலையில்தான் முட்டை ஓட்டை உடைத்து வந்தது. கால்கள் இரண்டும் திசைக்கொன்றாக விரிந்துகிடக்க, வயிறு படியப் படுத்திருந்தது.

“பக்கத்து வீட்டு நாகம்மை மயினி தந்தாவ. எந்திச்சு நிக்கமாட்டேங்கு. செத்துப்போவுமோ?”

கல்யாணமாகி வந்தபின் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. கேட்க வீட்டில் இருந்ததும் இல்லை. புதுக்கடை ஜவுளிக்கடையில் துணி கிழித்துவிட்டு வருவான், ஒரு கட்டங்காப்பி, உடனே வாசகசாலைச் சீட்டாட்டம். திரும்பும்போது சோறு ஆறியிருக்கும், அவள் கண் சொருகியிருக்கும். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த அந்தக் காலத்தில், ஆண்பிள்ளை சாயங்காலம் எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

“தாராக்குஞ்சுக்குத் தண்ணியக் காட்டுனா எந்திச்சிரும். உருளியக் கொண்டா.”

குஞ்சு நனைந்தது, நடுங்கியது, கழுத்தைத் தொங்கப்போட்டது.

“ஏலே, வருதியா இல்லியா?” என்றான் அல்போன்ஸ்.

“நீ போ மக்கா. பின்னால வாறேன்.”

இனிச் சூடு வேண்டும். ஓலைப்பெட்டியில் வைக்கோலைப் பரப்பிக் குஞ்சைக் கிடத்தி, பக்கத்தில் அரிக்கன் விளக்கை ஏற்றிவைத்தான். வைக்கோல் புகைந்து பற்றிக்கொண்டது. குஞ்சை ஒரு கையில் அள்ளி, மறுகையில் அகப்பட்ட துணியைப் போட்டு அமுக்கினான். அகப்பட்டது கல்யாணத்துக்குத் தோளில் போட்ட நேரியல்.

ஓட்டையும் கரியுமாக அதைத் தூக்கிப் பார்த்தவனைக் கண்டு சண்முகவடிவு வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கஞ்சி புகட்டினான். அது மூக்கில் ஏறிக் குஞ்சுக்கு மூச்சுமுட்டியது. இருவரும் மாறிமாறி ஊதினார்கள். அடுத்த நாள் கடையில் இருப்புக்கொள்ளவில்லை.

“முதலாளி, நான் கொஞ்சம் முந்திப் போவட்டா? வீட்டுல சின்னதுக்குச் சொகமில்ல.”

முதலாளி சுயம்பு முழக்கோலைக் கீழே வைத்தார். “சின்னதா? ஒனக்குக் கல்யாணம் இந்தச் சித்திரையிலதானலே ஆச்சு?”

அவன் விளக்கம் சொல்வதற்குள் செய்தி சந்தையைச் சுற்றிவிட்டது. வீடு வந்து சேருமுன் இரண்டு பேர் பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள். மூன்றாவது ஆள் உரைமருந்தே கொடுத்தனுப்பினார்.

“காலு ரெண்டையும் சேத்து நூலால லேசாக் கெட்டிப் பாப்பமா?” என்று கேட்டாள் சண்முகவடிவு.

“ஒனக்கென்ன தெரியும்?” என்றான். ஆனாலும் விட்டுக்கொடுத்தான். அவள் பஞ்சுநூலைத் திரித்து, காலுக்குக் கால் சிறு இடைவெளி விட்டுக் கட்டினாள்.

பிறகு காத்திருப்புதான். குஞ்சை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். மணவாளக்குறிச்சிக் கரிமணலில் சின்னவயதில் கால் வெந்துபோக ஓடியதைச் சொன்னாள். அவன் கடைக்கு வருகிறவர்களைப்போல நடித்துக் காட்டினான். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஆளான பிறகும், வைக்கோல் புகையின் மணம் எங்காவது வந்தால் அவனுக்கு அந்தச் சாயங்காலங்கள்தான் ஞாபகம் வரும்.

ஒருநாள் குஞ்சு எழுந்து நின்றது. ஆடியது, விழுந்தது, மறுபடி நின்றது. நூலை அவிழ்த்ததும் பொன்னுலிங்கத்தின் குதிகாலைத் தொட்டுக்கொண்டு முற்றமெங்கும் பின்னாலேயே நடந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியளா மயினி!” என்று வேலிக்கு அப்பால் நின்ற நாகம்மையைக் கூப்பிட்டான். “எந்திக்காத குஞ்ச நடக்க வச்சிட்டேன். நீங்களும் குடுக்கதுதான் குடுத்திய, நல்லதா ஒண்ணு குடுத்திருக்கப்பிடாதா?”

சண்முகவடிவு சட்டென்று அடுக்களைக்குள் நுழைந்துகொண்டாள்.

“நல்லா ஓடுத குஞ்சத்தான் தம்பி நீட்டுனேன்,” என்றாள் நாகம்மை. “‘அது வேண்டாம் மயினி, நிக்கமாட்டாததாப் பாத்துத் தாருங்க, அப்பமாவது அவிய வீட்டுல நிப்பாவ’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனது அவதானே!”